சுமை ஏற்றுமுன் பிறேக்கைப் பாருங்கள்

சைக்கிளின் பெறுமதியை இடம்பெயர்ந்த எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இல் எரிபொருள் தடைப்பட்டபின் குடாநாட்டில் அதுவே எமது லொறியும் பஸ்ஸும் ஆயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது மூட்டை முடிச்சுகளையும் பிள்ளைகளையும் சுமந்ததும் அதுவே. இன்றும் புத்தூர்த் தோட்டத்திலிருந்து சுன்னாகம் சந்தைக்குச் செல்ல, வேறு வாகனம் வாங்க வசதியற்ற குடும்பத்துக்கு அதுதான் கதி.

ஆயினும் மூடை ஏற்றுவதற்காகக் கரியரைப் பலப்படுத்தும் நாம் பிறேக்கை மறந்துவிடுகிறோம். சுமை கூடக் கூட, நிற்பதற்கு வேண்டிய தூரமும் கூடும் என்பதை நினைப்பதில்லை.

பழைய பெரிய சைக்கிள்களில் இருப்பது கம்பிப் பிறேக். கைபிடியை அழுத்தினால் றப்பர் கட்டைகள் றிம்மின் உட்புறத்தில் போய் அழுத்தும். நெடுநாள் உழைக்கும். ஆனால் இரும்பு றிம் நனைந்தால் வழுக்கும். கார்த்திகை மழையில் பிறேக் பிடிக்காமற் போவது இதனாலேயே. வயர் பிறேக் றிம்மின் இரு பக்கங்களையும் கவ்வும். றிம் நெளிந்தால் உரசும், வயர் இழை இழையாக அறும். பெடலைப் பின்னோக்கி மிதிக்கும் பிறேக் பின்சில்லின் குடத்துக்குள் இருப்பதால் மழை அதனை அண்டாது. ஆனால் செயின் கழன்றால் பிறேக்கும் இல்லை. புதிய சைக்கிள்களின் டிஸ்க் பிறேக் மழையிலும் நன்கு பிடிக்கும். திருத்தும் செலவுதான் அதிகம்.

எது சிறந்தது என்று வாதிடுவது எமது நோக்கமன்று. இருப்பதைப் பேணுவதே முக்கியம் என்கிறோம். தேய்ந்த கட்டையை உடனே மாற்றுங்கள். றிம்மில் எண்ணெய் படவிடாதீர்கள். மழையில், நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னதாகவே மெதுவாக அழுத்தி றிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். முன், பின் இரண்டு பிறேக்கும் வேலை செய்யாத சைக்கிளில் மூடையையோ பிள்ளையையோ ஏற்றாதீர்கள்.

உதவி வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. எத்தனை சைக்கிள் கொடுத்தோம் என்று கணக்கெழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுடனும் ஒரு சோடி பிறேக் கட்டையும் ஒரு வயரும் கொடுங்கள். ஊருக்கு ஓர் இளைஞருக்காவது திருத்தும் பயிற்சி அளியுங்கள். எத்தனையோ இழப்புகளைத் தாண்டி வந்த குடும்பம், ஒரு றப்பர் கட்டை தேய்ந்ததற்காக இன்னோர் உயிரை இழக்கலாகாது.