பேப்பர் கப்பில் தேநீர் ரசிக்க முடியாது

கல்லூரியில் 'தேநீர் ரசனைக் குழு' ஆரம்பிக்கிறோம், வந்து நடத்திக் கொடுங்கள் என்று மாணவர்கள் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. மணலூர்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஐந்து நிமிடத்தில் ஒரு டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைகள். அவர்களுக்கு ரசனைக் குழுவா? யாரோ கண்ணாடிக் கெட்டிலில் தேநீர் ஊற்றுகிற வீடியோவைச் செல்பேசியில் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தோம். அப்படித்தான் வந்திருந்தார்கள்.

அவர்களில் காலனியிலிருந்து வருகிற ஒரு பையன் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "காபின்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குக்கா. ஃபில்டர், டபரா, டிகிரி காபின்னு என்னென்னமோ சொல்றாங்க. டீன்னா வெறும் டீக்கடைதான்."

எங்களில் சமூகவியல் படித்தவர்கள் இரண்டு ஆண்டு வகுப்பில் உட்கார்ந்து கற்றதை அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பார்ப்பன நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகக் காப்பியும் உழைப்பவர்களின் பானமாகத் தேநீரும் ஆன கதையை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூல் பேசுகிறது. ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எடுக்க வைக்க 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. எந்தப் பானத்துக்கு மரியாதை, எந்தக் கடையில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் நாக்கு முடிவு செய்த விஷயமில்லை. சரி, நடத்துவோம் என்றோம்.

முதல் கூட்டத்துக்கு நான்கு வகை வாங்கிப் போனோம். மளிகைக் கடை டஸ்ட் டீ, அசாம் சிடிசி, நீலகிரி ஆர்தடாக்ஸ், ஒரு பச்சைத் தேயிலை. சுவை பார்ப்பதற்கென்று சர்வதேச தர அமைப்பு ஒரு முறையே எழுதி வைத்திருக்கிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கிற நீர், 6 நிமிடம். நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சின்னத் தராசில் நிறுத்துப் போட்டோம். பாலும் சர்க்கரையும் இல்லை என்றதும் பாதி முகங்கள் சுருங்கின. சுவைஞர்கள் தேநீரைக் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுவார்கள், அப்போதுதான் மணம் மூக்கின் பின்பக்கம் ஏறும் என்று செய்து காட்டினோம். ஒரே சிரிப்பு. 'உறிஞ்சிக் குடிக்காதே, நாகரிகமா குடி' என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள்தானே எல்லோரும். குன்னூர் ஏலத்துக்குப் போகிற தேயிலைக்கு விலை சொல்கிற நிபுணர்கள் டீக்கடை பெஞ்சுத் தாத்தாவைப் போலத்தான் குடிக்கிறார்கள்.

இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற சிடிசி எந்திரம் 1930களில் அசாமில் வந்தது. சீக்கிரம் சாயம் இறங்கும், பாலைத் தாங்கும், கொஞ்சம் போட்டால் போதும். நம் டீக்கடையை உண்டாக்கியதில் அந்த எந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டஸ்ட் என்றால் குப்பை என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, அது சலிக்கும்போது கிடைக்கிற மிகச் சிறிய துகளின் பெயர் என்று புரிந்தது. இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

இரண்டாம் கூட்டத்தில் தகராறு. யாரோ பேப்பர் கப் கட்டு ஒன்றை வாங்கி வந்திருந்தார்கள். "கழுவுற வேலை மிச்சம், சுத்தமாவும் இருக்கும்" என்றார்கள். ரசனைக் கணக்கிலேயே அது தப்பு என்றுதான் ஆரம்பித்தோம். சூட்டில் கப்பின் வாசனை ஏறும், சாயத்தின் நிறம் சரியாகத் தெரியாது, கண்ணாடி டம்ளர் வாங்கலாம் என்றோம். அப்போது ஒரு மாணவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இல்லக்கா, அடுத்தவங்க குடிச்ச டம்ளர்ல குடிச்சு எனக்கு வீட்டுல பழக்கமில்ல." அடுத்தவங்க என்றால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது.

தோழர்களே, இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் நம் தாத்தாக்களுக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். பிறகு தனி டம்ளர் வந்தது. கடைக்கு வெளியே ஆணியில் மாட்டியிருக்கும். நாமே எடுத்து, குடித்து, கழுவி, திரும்ப மாட்ட வேண்டும். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டிக்கச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இரட்டைக் குவளை நீடித்ததைத் தீண்டாமை ஒழிப்பு முன்னணி போன்ற அமைப்புகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவு செய்திருக்கின்றன. புகார், வழக்கு, போராட்டம் என்று வந்ததும் ஆணியில் தொங்கிய டம்ளர் காணாமல் போனது. அதன் இடத்துக்கு வந்ததுதான் தூக்கி எறிகிற கப்.

பேப்பர் கப்பில் தருகிற எல்லாக் கடைக்காரரும் சாதி பார்க்கிறார் என்று நாங்கள் சொல்லவில்லை. தை மாதம் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா அன்று, அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து கூட்டம் மணலை மறைக்கிறபோது, யார் டம்ளர் கழுவிக்கொண்டிருக்க முடியும்? ஆனால் அதே கடையில் ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளரும் காலனிக்காரருக்குப் பேப்பர் கப்பும் நீட்டப்படுகிற இடங்கள் உண்டு. கேட்டால், "புது கப்புல குடுத்திருக்கேன், இன்னும் என்ன?" என்று பதில் வரும். பழைய தனி டம்ளரைக் கையும் களவுமாகப் பிடித்து வழக்குப் போடலாம். கசங்கிக் குப்பைக்கூடையில் கிடக்கிற கப்பை வைத்து எந்த வழக்கை நிரூபிப்பது? பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்புகளுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது. சுற்றுச்சூழலுக்காகப் போட்ட தடையிலிருந்து நாமும் கொஞ்சம் பயனடைந்திருக்கலாம், அது ஒழுங்காக நடைமுறைக்கு வந்திருந்தால்.

வடக்கே குடித்ததும் உடைத்துப் போடுகிற மண் குவளையை அழகு என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். 2004இல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் ரயில் நிலையங்களில் அதைக் கொண்டுவந்தபோது குயவர்களுக்கு வேலை கிடைக்கும் என்று சொன்னார். நல்லதுதான். ஆனால் ஒரு வாய் பட்ட குவளையில் இன்னொரு வாய் படக்கூடாது என்ற பழைய கவலையும் அந்த மண்ணில் கலந்திருக்கிறது என்பதை யார் எழுதுவது?

இதற்கு நேர் எதிரான ஒன்றை அன்று மாணவர்களிடம் சொன்னோம். தேநீர் ரசனைக்கு உலகமே உதாரணம் காட்டுகிற ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் 'கொய்ச்சா' என்று கெட்டியான ஒரு பச்சைத் தேநீர் உண்டு. வந்த விருந்தாளிகள் எல்லோரும் ஒரே கிண்ணத்தில், விளிம்பைத் துடைத்துத் துடைத்து, ஒருவர் பின் ஒருவராகக் குடிப்பதுதான் அதன் மரபு. 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் காலத்துத் தேநீர் அறைக்கு வாசல் மிகச் சின்னது. சாமுராயாக இருந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். ஜப்பானில் சமத்துவம் தழைத்தது என்று இதை வைத்துச் சொல்ல வரவில்லை. அங்கேயும் புராக்கு என்று ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு. ஆனாலும் எச்சிலைப் பற்றிய பயத்தை அறைக்கு வெளியே வைத்தவர்கள்தான் தேநீரை ஒரு கலையாக்கினார்கள்.

கண்ணாடி டம்ளர் வாங்குவது என்று முடிவானது. 30 டம்ளர் வாங்கினோம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தது எங்கள் அசட்டுத்தனம். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தோம், கூட்டம் முடிந்ததும் காலனியிலிருந்து வருகிற இரண்டு பையன்களும் மூன்று பெண் பிள்ளைகளும் யாரும் சொல்லாமலே எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக் குழாயடிக்குப் போகிறார்கள். மற்றவர்கள் நீலகிரித் தேநீரின் பின்சுவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஐந்து பேரிடம் கேட்டால், "பரவால்லக்கா, ரெண்டு நிமிஷ வேலைதானே" என்கிறார்கள். அந்தப் 'பரவால்ல' எங்களை உறுத்தியது. மறுவாரமே கழுவும் முறைக்கு ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எல்லோர் பெயரும் அகர வரிசையில், எங்கள் பெயர்களும் சேர்த்து. இரண்டு பேர் அதோடு குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். பரீட்சை என்று காரணம் சொன்னார்கள். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

எங்கள் தோழர்கள் சிலருக்கே இதில் உடன்பாடு இல்லை. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு தேநீரின் மணத்தைப் பேசுகிறீர்களே, இது யாருடைய அரசியல் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த வேலைகள் ஒன்றையும் நாங்கள் விட்டுவிடவில்லை. ஆனால் ரசனை என்பது வசதியானவன் சொத்து, நமக்கு நிவாரணமும் ரேஷனும் போதும் என்று நம்மவர்களே சொல்வதை ஏற்க முடியவில்லை. மகாத் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டுவிட்டது. காகிதத்தில் உரிமை இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் போய் அள்ளிக் குடிக்கிறவரை அந்தத் தண்ணீரின் சுவை நம் மக்களுக்குத் தெரியாது. குடித்த பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். குடிப்பதும் அரசியல்தான், தோழர்களே.

தேநீர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாணவியின் பாட்டி. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பேத்தி கூப்பிட்டாள் என்று ஒரு நாள் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆர்தடாக்ஸ் தேயிலையை அவர் கையில் கொட்டினோம். முகர்ந்து பார்த்தார். "இது கப்பலுக்குப் போறது. எங்களுக்குத் தூள்தான் தருவாங்க" என்றார். காலையில் பெரட்டுக்கு நின்றது, கங்காணி பேர் கூப்பிட்டது, சொன்ன எடைக்குக் கொழுந்து சேராவிட்டால் 'அரைப்பேர்' போட்டுப் பாதிச் சம்பளத்தோடு அனுப்பியது என்று பேசிக்கொண்டே போனார். அந்த அறையில் இரண்டு இலை ஒரு மொட்டைத் தன் விரலால் கிள்ளியவர் அவர் ஒருவர்தான். ரசனைக் குழு நடத்த வந்த நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார் என்று எல்லாப் பெட்டியிலும் பெருமை போடுகிறார்கள். நட்ட காட்டைத் தோட்டமாக்கியவர்கள் தென்னாற்காடு, சேலம், திருச்சி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி நடந்த மக்கள். அவர்களில் பெரும்பகுதி சேரி மக்கள். 1948 குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக் கொடுத்தது. மக்களை மூட்டைக் கணக்கில் பேசிய ஒப்பந்தம் அது. இந்தப் பக்கத்து மலைகளின் கதையும் வேறில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். குழுவில் சேருகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் மாண்டார்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பெம்பிளை ஒருமை என்று திரண்டு 20 சதவீத போனஸுக்காகச் சாலையை மறித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் தலித் பெண்கள்.

இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தேயிலை. அது எந்த மலையில் விளைந்தது, அங்கே இன்றைக்கு நாள் கூலி என்ன என்று ஒரு மாணவர் தேடி எடுத்து வந்து சொல்ல வேண்டும். பிறகுதான் தண்ணீர் கொதிக்கும். பாட்டி சொன்னபடி ஒரு முறை வெறும் சாயத்தண்ணியோடு ஒரு கடி வெல்லமும் வைத்தோம். மற்ற எல்லாத் தேநீரையும்விட அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

பழக்கமில்லை என்று சொன்ன அந்த மாணவன் குழுவை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் வருகிறான், கூடவே வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரும் வருகிறது. அதில்தான் குடிக்கிறான். கண்டிக்க வேண்டும் என்று எங்களில் பாதிப் பேர், வருகிறானே விடுங்கள் என்று மீதிப் பேர். இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் பட்டியலில் அவன் முறை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனான். 30 டம்ளரையும் ஒன்று விடாமல் கழுவிக் கவிழ்த்தான். கடைசியாகத் தன்னுடையதையும் கழுவி, துடைத்து, பையில் வைத்துக்கொண்டான்.