சுற்றுகிற வட்டமும் சும்மா போகிற பணமும்

வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்கள் பெரியவர்கள். இப்போது வீட்டுக்கு வீடு ஒரு வட்டமும் இருக்கிறது! ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யைப் போட்டால் படம் அப்படியே நிற்கும். நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். பெரம்பலூர் ஆனாலும் சரி, அரியலூர் ஆனாலும் சரி, உடனே வீட்டில் கேட்கிற வசனம் ஒன்றுதான்: "நெட்டு ஸ்லோ. பெரிய பிளானா போட்டுடலாம்."

பழுது எங்கே என்று பார்க்காமல் இப்படிப் பணம் கட்டுவது தப்பு என்கிறேன் நான். பார்க்கச் சொல்லித் தரும் வேலை, பாலிடெக்னிக் மாணவர்களாகிய நம்முடையது என்றும் சொல்கிறேன்.

நண்பர்களே, நம் அப்பா காலத்தை நினைத்துப் பாருங்கள். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. நம் கிராமங்களில் ஆன்டெனா முளைக்க அதற்குப் பிறகும் பல வருஷம் ஆனது. படம் தெரியாவிட்டால் ஒருத்தர் கூரை மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். கீழே இருந்து இன்னொருத்தர், "இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே வுடு!" என்று கத்துவார். ஏட்டுப் படிப்பு இல்லாதவர்கள்தான். ஆனால் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார், பிறகு அடுத்ததை மாற்று என்ற பாடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2006-ல் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. பெட்டியும் கம்பியும் மாற மாற அந்தப் பாடத்தை மட்டும் நாம் தொலைத்துவிட்டோம்.

நான் தொலைத்த கதையையே சொல்கிறேன். அரியலூரில் என் அத்தை வீடு. மாமா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். டி.வி. நின்று நின்று ஓடுகிறது என்று, 40 எம்பிபிஎஸ் பிளானை 100-க்கு மாற்றினார்கள். மாதம் முந்நூறு ரூபாய் கூடுதல். வட்டம் நிற்கவில்லை. "தம்பி, டிப்ளமோ படிக்கிறியே, இதக் கொஞ்சம் பாரு" என்றார் அத்தை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெருவே வேடிக்கை பார்க்கிறது. சும்மா இருப்பேனா? அதை அழுத்தினேன், இதை மாற்றினேன், கடைசியில் ரவுட்டர் பின்னால் இருந்த ரீசெட் துளையில் ஊசியை விட்டு அமுக்கினேன். அவ்வளவுதான்! உள்ளே பதிந்திருந்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, இருந்த நெட்டும் போயிற்று. இணைப்புக் கொடுத்தவர் வந்து திரும்பப் பதிவு செய்ய இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அத்தை மகளின் ஆன்லைன் வகுப்பு போனது. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அடுத்த ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். ரவுட்டர் முன்னறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. டி.வி. இரண்டு சுவர் தாண்டிப் பின்னறையில். ரவுட்டர் பக்கத்தில் போனை வைத்து அளந்தால் வேகம் 90-க்கு மேல். டி.வி. பக்கத்தில் அளந்தால் 4! லைனில் பழுதே இல்லை, பீரோதான் பழுது. இருநூறு ரூபாய்க்குள் ஒரு லேன் கேபிள் வாங்கி டி.வி.க்கு நேராக இழுத்தேன். வட்டம் நின்றது. மறுமாதம் பழைய 40 பிளானுக்கே திரும்பினார்கள்.

ஏன் 40 போதும்? நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனமே முழு எச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. பல டி.வி.க்களின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் தாங்காது. தண்ணி வராததற்குக் காரணம் குழாயில் அடைப்பு என்றால், தொட்டியைப் பெரிசாகக் கட்டி என்ன லாபம்?

இணைய டி.வி. படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வாங்கி, கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு காட்டுகிறது. சேமிப்பு தீர்ந்து அடுத்த துண்டு வராவிட்டால் வட்டம். அந்தத் துண்டு எங்கே மாட்டிக்கொண்டது என்பதுதான் கேள்வி. வரிசையாகப் பார்த்தால் யாரும் கண்டுபிடிக்கலாம்.

முதலில், ஒரு ஆப்பில் மட்டும் நிற்கிறதா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஆப்பைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது டி.வி.யில் இடம் நிறைந்திருக்கும். இரண்டாவது, போனில் ஓடி டி.வி.யில் நிற்கிறதா? அப்படியானால் வைஃபை தூரம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு முட்டிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரில் சோர்ந்துவிடும். மூன்றாவது, பெட்டியில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு எரிகிறதா? அப்படியென்றால் ஃபைபரில் ஒளி வரவில்லை, அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். அது நம் வேலை இல்லை. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணால் பார்க்கவே கூடாது. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். நான்காவது, கரண்ட் ஏறி இறங்கும்போது பெட்டி தானாக அணைந்து எரிகிறதா? அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காலையில் நன்றாக ஓடி ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் நின்றால், அது தெருவில் எல்லோரும் ஒரே லைனைப் பங்கு போடுவதால் வருவது. கேபிளிலும் டிஷ்ஷிலும் ஒரே சிக்னல் ஊருக்கே போகும். இணையத்தில் ஆளுக்கொரு படம் தனித்தனியாகப் போக வேண்டும். ஒரு வாரம் காலையிலும் இரவிலும் வேகத்தை அளந்து தேதியோடு நோட்டில் எழுதிக் காட்டுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்று சொல்கிறவரை அனுப்பிவிடுவார்கள். நோட்டைக் காட்டுகிறவருக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்க இவ்வளவு பாடா என்று சிலர் கேட்பார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை இன்று யூடியூபிலும் பார்க்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அக்காவும் அதே லைனில்தான் படிக்கிறார். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற வீட்டுக்குப் பெரிய பிளான் தேவைப்படலாம், மறுக்கவில்லை. அதையும் அளந்து பார்த்து முடிவு செய்யட்டுமே! மாதம் முந்நூறு என்றால் வருஷம் 3,600 ரூபாய். வெங்காயக் காட்டில் களை எடுக்கும் ஒரு தாய்க்கு அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டு போவதே பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். ஊர் வரைக்கும் கம்பி வந்தால் போதுமா? வீட்டுக்குள் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

ஆகவே இரண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, இணைப்புக் கொடுப்பவர்கள் கொடுக்கிற அன்றே, பெட்டியருகில் கிடைத்த வேகத்தையும் டி.வி. அருகில் கிடைத்த வேகத்தையும் ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதிலேயே எழுத வேண்டும். இரண்டு, நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்க வேண்டும். கோயில் வளாகத்தைக் கூட்டுகிறோம், மரம் நடுகிறோம், நல்லதுதான். அதோடு வீடு வீடாகப் போய் அளந்து, அந்த வீட்டுப் பிள்ளைக்கே அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவோமே!

படித்தவன் என்றால் நம்பி வீட்டுப் பெட்டியை நம் கையில் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு முன்னால் முதலில் நோட்டை எடுப்போம், ஊசியைக் கடைசியில் எடுப்போம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை