இருதயத்தைப் படம் பிடிக்கும் கதிர்: பத்தே ஆண்டில் குறைந்தது எப்படி?

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் சிலரிடம், "இருதயத்தை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்கிறார் டாக்டர். இருதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்களில் அடைப்பு உண்டா, இல்லையா? அந்தப் படம் காட்டிவிடும். கத்தி வேண்டாம். கையில் ஒரு ஊசி போதும்.

ஆனால், இந்தப் படம் எக்ஸ்ரே கதிரால் எடுக்கப்படுவது. உடம்பில் படும் கதிர் கூடினால், பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சிறிது கூடும். ஆகவே, தேவைக்கு மேல் கதிர் படக்கூடாது.

அன்றும் பின்பும்

2007-ம் ஆண்டில், பல நாடுகளைச் சேர்ந்த 50 ஆஸ்பத்திரிகளில் கணக்கு எடுத்தார்கள். ஒரு ஸ்கேனில் பட்ட கதிர் சுமார் 12 மில்லிசீவர்ட். இது கதிரை அளக்கும் அளவு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒருவர் மேல் படும் கதிர், உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்தான். ஐந்து ஆண்டில் படும் கதிர், ஒரே நாளில் பட்டது!

2017-ல், 32 நாடுகளில் 61 ஆஸ்பத்திரிகளில் மீண்டும் கணக்கு எடுத்தார்கள். கதிர் நூற்றுக்கு 78 பங்கு குறைந்திருந்தது. அதனால் படம் கெட்டுவிடவும் இல்லை.

என்ன செய்தார்கள்?

ஓடும் வண்டியைப் படம் பிடித்தால் கலங்கும். நின்றால் தெளிவாக விழும். இருதயமும் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே சற்று ஓய்கிறது. இ.சி.ஜி. மூலம் அந்த நேரத்தைக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். துடிப்பு வேகமாக இருந்தால், முதலில் மருந்து கொடுத்துத் தணிக்கிறார்கள். பருமன் இல்லாதவர்களுக்கு 120 கிலோவோல்ட் மின்சாரத்தை 100 அல்லது அதற்கும் கீழே குறைக்கிறார்கள். கதிர் குறைவதால் படத்தில் விழும் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் நீக்கிவிடுகிறது.

37 மடங்கு!

ஆனால், அதே 2017-ம் ஆண்டுக் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. மிகக் குறைவாகக் கதிர் பாய்ச்சிய ஆஸ்பத்திரிக்கும், மிக அதிகமாகப் பாய்ச்சிய ஆஸ்பத்திரிக்கும் 37 மடங்கு வித்தியாசம்! நோயாளியின் எடையும் துடிப்பும் இதற்கு ஒரு காரணம். குறைக்கும் வழிகளை எல்லா இடத்திலும் ஒரேபோலக் கையாளாதது மற்றொரு காரணம். நல்ல இயந்திரம் வாங்கினால் மட்டும் போதாது. அதை இயக்குபவருக்கும் அக்கறை வேண்டும்.

கதிருக்குப் பயந்து, தேவையான ஸ்கேனை மறுப்பது ஆபத்து. அடைப்பு காத்திருக்காது. "இந்த ஸ்கேன் அவசியமா? கதிரைக் குறைத்து எடுப்பீர்களா?" என்று டாக்டரைத் தாராளமாகக் கேட்கலாம். கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முன்பு எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருந்து காட்டினால், மறுபடியும் எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.