மறக்கத் தெரிந்த விளக்கு

மனிதரின் நடைக்கும் குரலுக்கும் தொடுகைக்கும் இணங்கி ஒளிரும் விளக்குகளை அமைத்துத் தரும்படி நம்மை நாடி வருவோரின் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. நகராட்சிப் பூங்கா, வணிக வளாகத்தின் முற்றம், புதுமனை புகுவோரின் மாடிப்படி என்று இடம் மாறினாலும், ஆள் வருவதை விளக்கு தானே அறிந்துகொள்ள வேண்டும் என்ற வேண்டுகோள் மட்டும் மாறுவதில்லை. விளக்குக்கு அந்தச் சாமர்த்தியத்தைக் கற்பிப்பது இன்று பிரமாதமான காரியமன்று. ஒரு சிறு சென்சாரும் அதற்கேற்ற கட்டுப்பாட்டுப் பலகையும் இருந்தால் போதும். ஆனால் அறிந்துகொண்டதை அது எத்தனை காலம் தன்னிடம் வைத்துக்கொள்ளப் போகிறது என்பதை வருகிறவர் கேட்பதுமில்லை, நாம் பெரும்பாலும் சொல்வதுமில்லை.

இந்த விஷயத்தைக் கலையின் வாயிலாகவே ஆராய்ந்தவர்களுள் ரஃபேல் லோசானோ-ஹெம்மரை முதல் வரிசையில் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. 1967-இல் மெக்சிகோ நகரில் பிறந்து, கனடாவின் மாண்ட்ரியாலிலுள்ள கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் பௌதிக ரசாயனம் பயின்று, அந்நகரிலேயே தமது கலைக்கூடத்தை நடத்தி வரும் அவர், 2006-இல் மெக்சிகோவின் புவேப்லா நகரில் ஒரு பழைய ஜவுளி ஆலைக்குள் 'பல்ஸ் ரூம்' என்னும் படைப்பை முதன்முதலாக அமைத்தார். மறு ஆண்டு வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் மெக்சிகோ தனக்கென முதன்முறையாக ஒரு மண்டபம் பெற்றபோது, அங்கும் அது வைக்கப்பட்டது. இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்த தம் மனைவிக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தபோது, இரண்டு கருவிகளை ஒரே சமயத்தில் வைத்து இரு சிசுக்களின் இதய ஒலிகளையும் ஒருங்கே கேட்க விரும்பியதிலிருந்து இந்த எண்ணம் பிறந்ததாக அவர் கூறியிருக்கிறார். உயிர் ஒன்றுக்கு மெழுகுவர்த்தி ஒன்றாக ஒரு குகை முழுவதும் எரிந்துகொண்டிருக்கும் காட்சியைக் கொண்ட 'மகாரியோ' என்ற 1960-ஆம் ஆண்டு மெக்சிகோ திரைப்படமும் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது.

படைப்பின் அமைப்பு மிக எளியது. உள்ளிருக்கும் இழை கண்ணுக்குத் தெரியும்படியான தெளிந்த கண்ணாடிக் குண்டு பல்புகள், ஒவ்வொன்றும் 300 வாட், கூடத்தின் அளவுக்கேற்ப 100 முதல் 300 வரை, விதானத்திலிருந்து வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு முனையில் நிற்கும் கருவியின் உலோகப் பிடிகளைப் பார்வையாளர் இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். நாடி பிடிபட்டதும் அவருக்கு மிக அருகிலுள்ள பல்பு அதே தாளத்தில் மின்னத் தொடங்குகிறது. அவர் கையை எடுத்தவுடன் கூடம் முழுவதும் ஒரு கணம் இருண்டு, மீண்டும் ஒளி வரும்போது அவருடைய துடிப்பு வரிசையில் ஓரிடம் நகர்ந்திருக்க, அவருக்கு முன் வந்தவர்களின் துடிப்புகளும் அவ்வாறே ஒவ்வோரிடம் தள்ளிப்போயிருக்கின்றன. கடைசிப் பல்பைத் தாண்டிய துடிப்பு கூடத்தை விட்டே போய்விடுகிறது. நெஞ்சின் துடிப்பைப் போன்ற அந்தரங்கமான ஒன்றை வாங்கி, பலர் காணப் பகிரங்கப்படுத்தி, அடுத்தடுத்து வருகிறவர்களைக் கொண்டே அதை அழித்துவிடும் இந்த ஏற்பாட்டில்தான் படைப்பின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே தொழில் சம்பந்தமாக ஒரு வார்த்தை. குண்டு பல்பின் இழை அணையும்போது, வெண்மை மஞ்சளாகி, மஞ்சள் செம்மையாகி, பின்னர்தான் மங்குகிறது. அந்தச் சிறு தாமதமே துடிப்புக்கு உயிர்க்களையைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் 2012 வரையில் இத்தகைய பல்புகளைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து விலக்கிய பின், அதே இடத்தில் எல்இடியை மாட்டிவிட்டால் வேலை தீர்ந்தது என்று நினைப்போர் நம்மிடையே பலர். சாதாரண எல்இடி மங்கும்போது தன் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை. 256 படிகளில் மட்டும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மலிவான டிம்மரில், கீழ்ப்படிகளில் ஒளி தத்தித் தத்தி இறங்குவது கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். அந்த இறக்கத்தை மென்மையாக்கக் கணக்குப் போட்டு உழைக்காதவர் இதயத் துடிப்பைக் காட்ட முற்பட்டால், திருப்பத்தில் நிற்கும் லாரியின் இண்டிகேட்டரைத்தான் காட்டுவார்.

ஞாபகத்தையே ஒதுக்கிவிட்டவர் இக்கலைஞர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் இறுதியில் மெக்சிகோ நகரின் ஸோகாலோ சதுக்கத்தைச் சூழ 18 தேடொளி விளக்குகளை நிறுவி, இணையத்தின் வழியாக உலகின் எந்த மூலையிலிருப்பவரும் அவற்றின் கதிர்களைத் தம் விருப்பப்படி வானில் நிறுத்த வழிசெய்தபோது, ஒவ்வொருவரின் அமைப்பையும் படம் பிடித்து, அவரவர் பெயரோடும் அவர்கள் எழுதிய செய்தியோடும் தனித்தனிப் பக்கமாகச் சேமித்துக் கொடுத்தார். எழுதியதைத் தணிக்கை செய்யவுமில்லை. 1968 அக்டோபர் 2-ஆம் நாள் மெக்சிகோவின் த்லாதெலோல்கோவில் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதன் 40-ஆம் ஆண்டு நினைவாக, 2008-இல் அதே இடத்தில் ஓர் ஒலிபெருக்கியை வைத்து, அதில் பேசுகிறவரின் குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஒரு தேடொளி வானில் பளிச்சிடும்படி செய்தார். பேசுவாரில்லாத வேளைகளில், அந்நாளைப் பற்றிய பழைய ஒலிப்பதிவுகள் ஒலித்தன. முன்னதில் மனமுவந்து கையெழுத்திட்டவர்களின் பெயர் காக்கப்பட்டது. பின்னதில் ஓர் அரசு மறக்கடிக்க விரும்பிய கொடுமை நினைவூட்டப்பட்டது. வழிப்போக்கர் ஒருவர் எத்தனை மணிக்கு எத்தனை முறை பூங்காவைச் சுற்றினார் என்ற குறிப்பு இவ்விரண்டு வகையிலும் சேராது.

பொது இடத்திலாவது அந்நியர்களின் வரிசை ஒன்று இருக்கிறது; பின்னால் வருகிறவர் முன்னால் வந்தவரின் சுவட்டை அழித்துவிடுகிறார். இல்லத்தில் அவ்வரிசை கிடையாது. அதே நால்வர் அல்லது ஐவர், அதே படுக்கையறை, அதே பின்னிரவு. வெப்ப அசைவை உணரும் பழைய சென்சாருக்கு ஒரு குறையுண்டு: அசையாமல் அமர்ந்து புத்தகம் படிப்பவரை அது ஆளாகவே மதிப்பதில்லை, விளக்கு அணைந்துவிட, அவர் இருளில் கையை வீசி எரியவைக்க வேண்டியிருக்கிறது. அக்குறையை நீக்கவே நம்மில் சிலர் ரேடார் சென்சாருக்கும் கேமராவுக்கும் மாறினோம், மாறியதில் தவறில்லை. ஆனால் அவை கையசைவோடு நில்லாமல், வீட்டிலுள்ள முதியவர் இரவில் எத்தனை தடவை எழுந்தார், மகள் எப்போது வீடு திரும்பினாள் என்பதையும் அறியவல்லவை. அந்தக் குறிப்புகள் வீட்டுக்கு வெளியே எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் சென்று சேருமானால், நாம் அமைத்துக் கொடுத்தது கலைப்பொருளாகாது. அது ஒரு வேவுக்காரன். வீட்டுக்காரர் ஆசைப்பட்டுத்தானே கேட்டார் என்ற சமாதானம் இதற்குப் போதாது, ஏனெனில் அவ்வீட்டுக்கு வரும் விருந்தினரும் வேலைக்காரப் பெண்ணும் அப்படி எதையும் கேட்கவில்லை.

ஆதலால் இவ்விதழின் வாசகர்களான விளக்கு அமைப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. வேலையை ஒப்படைக்கும்போது வாட் கணக்கையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதிக் கொடுக்கும் அதே தாளில், இவ்விளக்கு எதை உணர்கிறது, உணர்ந்ததை எத்தனை நிமிஷம் வைத்திருக்கிறது, எப்போது தானாக அழிக்கிறது என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அழிக்க வழியில்லாத கருவியை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், படுக்கையறைக்குச் சிபாரிசு செய்யாதீர்கள்.