பழைய அரங்கும் புதிய வாசலும்

வீட்டில் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, இளையவர் அவர் எதிரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நமக்கு எந்தப் பாடநூலும் கற்றுத் தரவில்லை. பாட்டியும் அம்மாவும் சொல்லக் கேட்டே அறிந்திருக்கிறோம். குரலைத் தாழ்த்துகிறோம். அவரை மறைக்காமல் சற்று ஒதுங்கி நிற்கிறோம். அதற்காக ஊமையாகி விடுவதில்லை. வந்த விருந்தினரை உள்ளே அழைத்து, "இவர்தான் எங்கள் தாத்தா" என்று அறிமுகம் செய்து வைக்கிறோம். இந்த மரியாதை மனிதருக்கு மட்டுந்தானா? கட்டடங்களுக்கும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் கார்த்தஹேனா என்றொரு துறைமுக நகர் உண்டு. 1988-ஆம் ஆண்டு அந்நகரின் பழைய பகுதியில், கைவினைக் கலைகளுக்காக ஒரு மையம் அமைக்க எண்ணி, இடத்தைத் தோண்டலாயினர். மண்ணுக்கடியில் வெளிப்பட்டதோ ஒரு ரோமானிய நாடக அரங்கு! கி.மு. 5-க்கும் கி.மு. 1-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், ஏறத்தாழ 6,000 பேர் அமர்ந்து பார்க்கும்படி, குன்றின் சரிவில் எழுப்பிய அரங்கு அது. கிறிஸ்து பிறப்பு நற்செய்தியில் நாம் ஆண்டுதோறும் கேட்கும் அகுஸ்து சீசரின் பேரர்களான காயுஸ், லூசியுஸ் இருவரின் பெயர்களும் அதன் கல்வெட்டுகளில் உள்ளன. ஆண்டவர் பெத்லகேமில் பிறந்த காலத்தை ஒட்டி, பேரரசின் மறுகோடியில் இந்தக் கற்கள் அடுக்கப்பட்டன என்று எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது அன்றோ!

அந்த அரங்கு தனித்தும் இல்லை. அது பாழான பின், அதன் கற்களைக் கொண்டே ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு சந்தை எழுந்தது. அதன்மேல் பைசாந்தியர் காலத்து வீடுகள். அவற்றின்மேல் இஸ்லாமியர் காலத்து வீடுகள். பின்னர், இருக்கை வரிசைகளின் மேற்பகுதியிலேயே புனித மரியன்னையின் பெயரால் ஓர் ஆலயம் எழுந்தது. அவ்வாலயமும் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிதைந்தது. ஒரே இடத்தில் இத்தனை தலைமுறைகள்! இவற்றின் அருகே புதிதாக ஒன்று கட்டுவது எளிய காரியமா?

அப்பணி ரஃபாயெல் மொனேயோ என்னும் ஸ்பானியக் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அமைத்த அருங்காட்சியகம் 2008-இல் திறக்கப்பட்டது. அதன் வாசல் அரங்கின் பக்கத்தில் இல்லை. நகராட்சி மன்றம் இருக்கும் சதுக்கத்தில், ஒரு பழைய மாளிகையின் முகப்புக்குப் பின்னே இருக்கிறது. அங்கே நுழைவோர் தெருவுக்கு அடியில் செல்லும் வழியாக இரண்டாம் கட்டடத்தை அடைகின்றனர். தூண்களையும் சிலைகளையும் கல்வெட்டுகளையும் பார்த்தபடியே மேலே ஏறுகின்றனர். பின்பு சிதைந்த ஆலயத்தின் அடியில் நடக்கின்றனர். அதுவரை அரங்கு கண்ணில் படுவதே இல்லை. கடைசி வாசலைத் தாண்டியதும் சூரிய ஒளியில் அரைவட்டமாக இருக்கை வரிசைகள் கண்முன் விரிகின்றன! புதிய கட்டடம் தன்னைப் பார்க்கச் சொல்லவில்லை; பெரியவரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. இதையே நாங்கள் மரியாதை என்கிறோம்.

இதற்கு மாறான ஒரு கதையும் அதே நாட்டில் உண்டு. வலென்சியா பகுதியிலுள்ள சகுந்தோ நகரின் ரோமானிய அரங்கு 1896-லேயே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1990-க்குப் பின் அங்கே பழைய இருக்கைகளின்மேல் புதிய கற்பலகைகள் பாவப்பட்டன. மேடைக்குப் பின்னே உயர்ந்த சுவர் எழுப்பப்பட்டது. மக்கள் மீண்டும் அமர்ந்து நாடகம் காண வேண்டும் என்ற நல்ல நோக்கந்தான். ஆயினும் பழைமை மறைந்துவிட்டதே என்று பலர் வருந்தினர். வழக்கு நீதிமன்றம் சென்றது. சிதைவுகளைப் புதிதாகக் கட்டி எழுப்பலாகாது என்னும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இப்பணி முரணானது என 2000-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் கட்டியதை எப்படிப் பிரித்தெடுப்பது? பிரித்தால் பழைய கற்களுக்கும் சேதம் வராதா? பல ஆண்டு வாதத்துக்குப் பின், தீர்ப்பை நிறைவேற்றுவது இயலாது என்று 2009-இல் முடிவாயிற்று. எழுதிய விடையை அழித்துவிட்டு மறுபடி எழுத எல்லாக் காகிதமும் இடங்கொடுப்பதில்லை!

"உடைந்த கற்களுக்கு இவ்வளவு செலவா? அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டலாமே" என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியை நாங்கள் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. கார்த்தஹேனாவிலும் அரங்கின்மேல் இருந்த வீடுகளை அகற்றிய பின்னரே அது முழுமையாக வெளிப்பட்டது. ஓர் ஊரின் பெருமைக்காக ஒரு சிலர் தம் தெருவை இழந்தனர் என்பதை மறக்கலாகாது. அதனாலேயே புதிய மையத்தின் கடமை இரட்டிப்பாகிறது. சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கிக் கண்டு செல்லும் இடமாக மட்டும் அது இருந்தால், ஊராருக்கு நேர்ந்தது இழப்பே. அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கவும் ஆடவும் பாடவும் அதில் இடம் இருந்தால், அது அவர்களுடைய வீடாகவும் ஆகிவிடும்.

இது நடக்கக்கூடியதே என்பதற்கு மெரிதா நகர் சான்று. சிறுமி புனித யூலாலியா மறைசாட்சியாக மரித்த ஊர் அது. அங்குள்ள ரோமானிய அரங்கு நெடுங்காலம் மண்மூடிக் கிடந்தது; மேலே தெரிந்த சிதைவுகளை மக்கள் 'ஏழு நாற்காலிகள்' என்று அழைத்து வந்தனர். 1910-இல் அகழாய்வு தொடங்கியது. 1933-இல் அவ்வரங்கில் மீண்டும் நாடகம் அரங்கேறியது. இன்று அங்கே கோடைதோறும் நாடக விழா நடைபெறுகிறது. அருகிலேயே அதே மொனேயோ அமைத்த ரோமானியக் கலை அருங்காட்சியகம் 1986-இல் திறக்கப்பட்டது. செங்கல் வளைவுகளாலான அக்கட்டடம் ரோமானியரை நினைவூட்டுகிறது. ஆனால் ரோமானியக் கட்டடம்போல் வேடம் போடவில்லை. தோண்டும்போது கிடைத்த பழைய சுவர்களும் அதன் கீழ்த்தளத்தில் கிடந்த இடத்திலேயே காக்கப்படுகின்றன.

ஆகவே, பழைய சின்னத்தின் அருகே கட்டுவோர் மூன்றை மனத்திற்கொள்ள வேண்டும் என்போம். முதலாவது, பழையதை மறைக்காதிருத்தல். இரண்டாவது, பழையதுபோல் நடிக்காதிருத்தல். மூன்றாவது, அருகே வாழ்வோரை வெளியே நிறுத்தாதிருத்தல். முதல் இரண்டும் கல்லுக்குச் செய்யும் மரியாதை. மூன்றாவது மனிதருக்குச் செய்யும் மரியாதை. மூன்றாவது இல்லையேல் முதல் இரண்டாலும் பயன் இல்லை.

அன்புத் தோழியரே! நம்மில் சிலர் நாளை பொறியாளர் ஆகலாம். சிலர் நகர்மன்ற உறுப்பினராகி, கட்டடத் திட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் இடத்தில் அமரலாம். நம் ஊர்களிலும் பழைய கோட்டைக்கும் சத்திரத்துக்கும் ஆலயத்துக்கும் அருகே புதிய மண்டபங்கள் எழத்தான் போகின்றன. வரைபடம் நம் மேசைக்கு வரும் நாளில், "இது எவ்வளவு பெரியது, எவ்வளவு அழகானது?" என்று கேட்பதற்கு முன், "இது யாரை மறைக்கிறது? யாரை உள்ளே அழைக்கிறது?" என்று கேட்போமாக!