100 ஓம் என்றொரு மந்திரம்

நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த எம்.டி. ராமநாதனின் பழைய இசைத்தட்டை விற்றுவிட்டார். குரலே எழவில்லை, செத்த பதிவு என்பது அவர் சொன்ன காரணம். விற்பதற்கு முந்தைய வாரம் அவர் இல்லத்தில் அதைச் சேர்ந்து கேட்டவர்களில் நாங்களும் உண்டு. கேட்டுவிட்டு ஆமோதித்துத் தலையசைத்தவர்களிலும் உண்டு. ‘எம்.டி.ஆர். எப்போதுமே முணுமுணுப்புத்தானே’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தோம். பத்து நாட்கள் கழித்து, வேறொரு கம்பியை மாற்றுவதற்காக அவருடைய கருவிகளின் பின்புறம் குனிந்து பார்த்தபோதுதான் எங்களுடைய ரசனையின் லட்சணம் தெரிந்தது.

அங்கே இருந்தது டெனான் டிஎல்-103. ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்துக்காக 1960களின் தொடக்கத்தில் உருவாகி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக விற்பனையாகிவந்த மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ். அதன் வெளியீடு வெறும் 0.3 மில்லிவோல்ட். சாதாரண மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் 5 மில்லிவோல்ட் வரை தரும். ஆகவே இதற்குக் கூடுதல் பெருக்கம் வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. ஃபோனோ ப்ரீஆம்பின் மூவிங் காயில் உள்ளீட்டில் 60 டெசிபல், அதாவது 1000 மடங்கு, பெருக்கிக்கொள்ளலாம். அல்லது ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வைத்து, வழக்கமான மூவிங் மேக்னெட் உள்ளீட்டில் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு, பெருக்கலாம். நண்பரோ இரண்டையும் ஒருசேரச் செய்திருந்தார். 1:10 டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தது. அதன் வால் மூவிங் காயில் உள்ளீட்டில் செருகப்பட்டும் இருந்தது. சுமைப் பொத்தான் 100 ஓமில் நின்றது. ‘மூவிங் காயில் என்றால் 100 ஓம், கண்ணை மூடிக்கொண்டு வையுங்கள்’ என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம்.

கண்ணைத் திறந்து கணக்குப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைப் 10 மடங்கு உயர்த்தும்போது, பின்னாலுள்ள சுமையைக் கார்ட்ரிட்ஜுக்கு 100 மடங்கு குறைத்துக் காட்டும். சுற்று விகிதத்தின் இருமடி அது. மூவிங் மேக்னெட் உள்ளீட்டின் 47,000 ஓம் கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். ஒரு குறையும் இல்லை. ஆனால் 100 ஓம் 1 ஓமாகத் தெரியும். டிஎல்-103இன் அகமின்தடை 40 ஓம். 41 பங்கில் 40 பங்கு கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே செலவாகி, ஒரு பங்கு மட்டும் வெளியே வந்தது. 32 டெசிபல் இழப்பு. சுருள்களின் சொந்தத் தடையையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். முறையாக இணைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒலியளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இறுதியில் மிஞ்சியது. கம்பிகளில் ஏறிய மின்சார ரீங்காரமோ 100 மடங்குக்குப் பதிலாக 1000 மடங்கு பெருகியது. அந்த ரீங்காரம் 50, 100 ஹெர்ட்ஸில் உறைவது. தாழ்ந்த சுருதியில் பாடும் ஆண்குரலின் அடிப்படை அதிர்வுகள் உலவுவதும் அதே அக்கம்பக்கத்தில்தான். மந்திரஸ்தாயியில், அவசரமே இல்லாமல், கிசுகிசுப்பின் விளிம்புவரை இறங்கிப் பாடிய ஒரு மேதையை அந்த இரைச்சலுக்குள் புதைத்துவிட்டு, குரல் எழவில்லை என்று நாங்கள் தீர்ப்பெழுதினோம்.

இதை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவாகக் கருதிக் கடந்துவிட எங்களால் இயலவில்லை. இதன் பின்னால் ஒரு மனோபாவம் இருக்கிறது. ‘காதுதான் நீதிபதி, எண்களைத் தூக்கி எறி’ என்பது ஒலிப்பித்தர்கள் நடுவே வேதவாக்கு. இலக்கியக்காரர்களாகிய நமக்கோ அது இன்னும் இனிக்கிறது. ரசனைக்கும் கணக்குக்கும் ஜென்மப்பகை என்று நம்மில் பலர் நெடுங்காலமாகவே நம்பிவருகிறோம். பிழை மலிந்த பதிப்பைப் படித்துவிட்டு நாவலாசிரியனுக்கு மொழி தெரியவில்லை என்று எழுதும் விமர்சகனை நாம் மன்னிப்போமா? அவனிடம் முதலில் கேட்பது, எந்தப் பதிப்பு என்பதுதானே? இசைத்தட்டின்மீது அபிப்பிராயம் சொல்பவரிடம் எத்தனை ஓம், எத்தனை டெசிபல் என்று கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

அந்த 100 ஓம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். டிஎல்-103க்குப் பரிந்துரைக்கப்படும் சுமை, நேரடி இணைப்பில், 100 ஓமுக்குக் குறையாமல் என்பது. ‘குறையாமல்’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், கீழெல்லை கட்டளையாகிவிட்டது. ‘அகமின்தடையைப் போல் 10 மடங்கு’ என்ற இன்னொரு சூத்திரத்தின் கதையும் இதுவே. 40 ஓமுக்கு 400 ஓம் வைத்தால் இழப்பு 1 டெசிபலுக்குள் அடங்கும், அவ்வளவுதான் அதன் பொருள். அழகியல் விதி எதுவும் அதற்குள் ஒளிந்திருக்கவில்லை.

‘100 ஓமில் ஒலி கதகதப்பாக இருக்கிறது, 1000 ஓமில் பளீரென்று இருக்கிறது, எங்கள் காதே சாட்சி’ என்பார்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வோம். 100 ஓமில் 40 ஓம் கார்ட்ரிட்ஜ் இழப்பது 2.9 டெசிபல், 1000 ஓமில் 0.3. ஒலியளவைச் சமன்செய்யாமல் பொத்தானைத் திருகுகிறவர், சத்தம் கூடியதைப் பளீர் என்றும் குறைந்ததைக் கதகதப்பு என்றும் பெயரிட்டுக்கொள்கிறார். மூவிங் மேக்னெட்டில் சுமை உச்சஸ்தாயியை மாற்றுவது மெய். அதன் மின்தூண்டல் 500 மில்லிஹென்றி, கம்பியின் மின்தேக்கம் 200 பிகோஃபாரட் என்று கொண்டால், ஒத்ததிர்வு 16 கிலோஹெர்ட்ஸில், செவிக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே விழுகிறது. மூவிங் காயிலின் மின்தூண்டலை 50 மைக்ரோஹென்றி என்று கொண்டால், அதே கம்பியில் அது 1.6 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடும். வௌவாலுக்குக்கூட எட்டாத தொலைவு. அங்கே எழும் முகட்டைத் தாங்காமல் சில ப்ரீஆம்புகள் தடுமாறுவதுண்டு. அவற்றுக்குச் சுமையைக் குறைந்த ஓமில் வைப்பது உதவக்கூடும். அது ப்ரீஆம்பின் நோய்க்கு மருந்து. அதைக் கார்ட்ரிட்ஜின் ஆளுமை என்று வருணித்துப் பத்தி பத்தியாகக் கவிதை எழுதுவதுதான் எங்களுக்கு எரிச்சலூட்டுகிறது.

பெருக்கத்திலும் இதே கூத்து. அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று 70 டெசிபலில் வைக்கிறார்கள். 0.3 மில்லிவோல்ட் என்பது நடுத்தர அளவுக்கான எண்; மிருதங்கத்தின் ஓங்கிய வீச்சில் அது பல மடங்கு தாவும். ப்ரீஆம்ப் தன் உச்சத்தைத் தொட்டு அலையின் தலையை வெட்டிவிட, வாசித்தவர் கை மொண்ணை என்று பெயராகிறது.

காது வேண்டாம் என்பதில்லை எங்கள் கட்சி. அளவைச் சமன்செய்து, இணைப்பைச் சரிபார்த்து, அதன்பின் 200 ஓமா 500 ஓமா என்று எவரேனும் இரவெல்லாம் கேட்டுத் தேர்ந்தால் அந்தத் தேர்வுக்கு வணக்கம். கணக்கு நாலு வரிதான். பள்ளிக்கூடத்து ஓம் விதி போதும்.

நண்பரின் டிரான்ஸ்ஃபார்மரை மூவிங் மேக்னெட் உள்ளீட்டுக்கு மாற்றினோம். ரீங்காரம் அடங்கியது. எம்.டி.ஆரைப் போடலாம் என்று அலமாரியைத் துழாவியபோதுதான் தட்டு கைமாறிவிட்டது என்பதே எங்களுக்குத் தெரியவந்தது. வாங்கியவரின் எண்ணை நண்பர் குறித்துவைக்கவில்லை.