வட்டத்தைத் தொலைத்த புள்ளி

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் காலண்டர் சீசன் களைகட்டும். புது ஆல்பம் வெளியாகும். வெளியூர் ஏஜென்ட்கள் படம் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். அப்படி ஒரு காலண்டர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர், அதன் முதுகில் செருகிய கேபிள் வழியே இணையம். பண்டல்களை எடுக்க வண்டி வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர் ஓர் இணையதளத்தைத் திறக்கிறார். 'உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?' என்று பிரவுசர் கேட்கிறது. அனுமதிக்கிறார். வரைபடம் ஒரு சுற்றுச் சுற்றி சென்னையில் போய் நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் பையன் செல்போனில் அதே தளத்தைத் திறக்கிறான். புள்ளி ஒரு தெரு தள்ளி விழுகிறது. வாசலுக்குப் போய் மறுபடி தட்டுகிறான். இப்போது கடைப்படிக்கே வந்துவிடுகிறது. ஒரே அலுவலகத்துக்கு ஐந்து நிமிடத்தில் மூன்று விலாசம்.

கம்ப்யூட்டர் பழசு, நெட் சரியில்லை, மேப் கோளாறு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் மூன்று முறையும் பிரவுசர் புள்ளியோடு இன்னொரு எண்ணையும் சேர்த்தே கொடுத்திருக்கும். 'இந்தப் புள்ளியிலிருந்து இத்தனை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்' என்பதுதான் அந்த எண். வாசலில் நின்றபோது அது 10 மீட்டராக இருந்திருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்தபோது 100. மேஜைக் கம்ப்யூட்டரில் பல ஆயிரம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் விதிப்படி, அட்சரேகை, தீர்க்கரேகை, துல்லியம் மூன்றையும் சேர்த்துத்தான் பிரவுசர் பதில் சொல்ல வேண்டும். புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். ஆள் அதற்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்பது கணக்கு. சென்னைப் புள்ளியின் வட்டம் சிவகாசியைத் தொடாமலும் போயிருக்கலாம். ஆனாலும் கிலோமீட்டர் கணக்கில் பிழை இருக்கும் என்று தானே ஒப்புக்கொண்ட பதிலை நம்பி யாரும் வண்டி அனுப்பக் கூடாது. அந்தத் தளமோ வட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டது. இடம் கேட்கும் இணையதளங்களும் செயலிகளும் பலவும் இதையேதான் செய்கின்றன.

பிரவுசருக்குத் தனியாகக் கண் கிடையாது. நாலு பேரிடம் விசாரித்துச் சொல்லும் ஆள் அது. முதல் சாட்சி செயற்கைக்கோள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் நான்கின் சமிக்ஞையாவது செல்போனுக்குக் கிடைத்தால் இடம் துலங்கும். திறந்த வானத்தின் கீழ் பிழை சில மீட்டர்தான். ஆனால் அந்தச் சமிக்ஞை மிக மெலிது. கான்கிரீட் தளத்தையும் தகரக் கூரையையும் தாண்டி வரத் திணறும்; குறுகிய தெருவில் சுவருக்குச் சுவர் மோதி வந்து கணக்கைக் குழப்பும்.

இரண்டாவது சாட்சி அக்கம்பக்கத்து வைஃபை. எந்த ரூட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் பெரிய பதிவேடு வைத்திருக்கின்றன. சுற்றியுள்ள ரூட்டர்களின் அடையாளத்தைச் சொன்னால் இடம் திரும்பி வரும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கடையை வேறு தெருவுக்கு மாற்றும்போது ரூட்டரையும் கையோடு கொண்டுபோனால், பதிவேடு திருந்தும்வரை பிரவுசர் பழைய தெருவையே காட்டக்கூடும். மூன்றாவது சாட்சி செல்போன் கோபுரம். கோபுரங்கள் நெருங்கி நிற்கும் ஊரில் அது சொல்வது பரவாயில்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் அதன் வட்டம் ஊரையே விழுங்கும்.

கடைசிச் சாட்சி ஐ.பி. முகவரி. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் வைஃபை பாகமே இல்லை என்றால், பிரவுசருக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அந்த எண் இணைய நிறுவனத்தின் பெயரில் இருப்பது. பல சந்தாதாரர்கள் ஒரே எண்ணைப் பகிர்வதும் உண்டு. நிறுவனத்தின் கருவிகள் சென்னையிலோ மதுரையிலோ இருந்தால், சிவகாசிக்காரரும் அந்த ஊர்க்காரராகத்தான் தெரிவார்.

இந்தச் சாட்சியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பண்ணை வீடு உதாரணம். ஐ.பி. முகவரிக்கு ஊர் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், 'அமெரிக்கா என்று தெரியும், ஊர் தெரியாது' என்ற முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்தது. எழுத வசதியாக இருக்கட்டும் என்று எண்களை முழுதாக்கி 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று போட்டது. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு அதுவே விலாசம் ஆனது. இணைய மோசடிக்காரர்களைத் தேடி வருடக்கணக்கில் போலீசாரும் ஏமாந்தவர்களும் அந்தக் கதவைத் தட்டினார்கள். 2016-இல் ஒரு பத்திரிகையாளர் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான், நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே தள்ளி வைத்தது. நாடு என்ற அளவுக்கு விரிய வேண்டிய வட்டத்தை ஒரு வீடாகச் சுருக்கிப் படித்ததால் வந்த வினை அது.

நம்மூருக்கு வருவோம். இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற புதிய முகவரி முறையை அறிமுகப்படுத்தியது. ஐஐடி ஹைதராபாதும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய இந்த முறையில், நாடு முழுவதும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு கிடைக்கிறது. 1972 முதல் புழங்கும் அஞ்சல் குறியீட்டு எண் ஒரு வட்டாரத்தைத்தான் சொல்லும். 626123 என்றால் சிவகாசி. அதற்குள் எந்தச் சந்து என்று தபால்காரருக்குத்தான் தெரியும். 'பழைய எண், புதிய எண், மேல மாடி' என்று விலாசம் எழுதும் ஊருக்கு டிஜிபின் அருமையான ஏற்பாடு.

அதை அறிய அஞ்சல் துறை இணையதளமே வைத்திருக்கிறது. பிரவுசரில் இருப்பிட அனுமதி கொடுத்தால் குறியீடு வந்துவிடும். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். வட்டத்தின் ஆரம் 30 மீட்டர் என்றால் அதற்குள் 170-க்கும் மேற்பட்ட கட்டங்கள் அடங்கும். ஆரம் ஒரு கிலோமீட்டர் ஆனால் ஏறத்தாழ 2 லட்சம் கட்டங்கள். அதில் ஒன்றைப் பத்து எழுத்தில் எழுதிக் கொடுத்தால் பார்க்கத் துல்லியமாகத்தான் இருக்கும். பக்கத்துத் தெரு வீட்டின் குறியீடாகவும் இருக்கும். மேஜைக் கம்ப்யூட்டரில் பார்த்து விசிட்டிங் கார்டில் அச்சடிக்கப் போகிறவர், செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. அச்சடித்துத் தள்ளும் ஊருக்குத் தப்பாக அச்சான கார்டின் விலை தெரியும்.

பயன்படுத்துகிறவர் சரிபார்க்க வேண்டியது இன்னும் சில உண்டு. ஆண்ட்ராய்டு 12-இலும் ஐபோனின் ஐஓஎஸ் 14-இலும் தொடங்கி, 'துல்லியமான இடம்', 'தோராயமான இடம்' என்று இரண்டு வகை அனுமதி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் தோராயத்தைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் ஏதோ ஓரிடம் என்றுதான் தளத்துக்குத் தெரியும். சிவகாசி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அத்தனை பரப்பு என்றால் ஏகப்பட்ட தெருக்கள் வந்துவிடும். ஒருமுறை 'வேண்டாம்' என்று தட்டியதை பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். முகவரிப் பட்டையின் ஓரத்துச் சின்னத்தைத் தொட்டு அனுமதியை மாற்றும்வரை அந்தத் தளம் எத்தனை முறை கேட்டாலும் பதில் கிடைக்காது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வந்த இணைப்பு அந்தச் செயலிக்குள்ளேயே திறந்தால், அந்தச் செயலிக்கும் இருப்பிட அனுமதி இருந்தாக வேண்டும். குரோம் போன்ற தனி பிரவுசரில் திறந்தால் பாதித் தொல்லை தீரும்.

ஆனால் வாடிக்கையாளர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவது நியாயமில்லை. தளம் கட்டுகிறவர்களின் பொறுப்பு இதைவிடப் பெரிது. பூட்டில்லாத 'எச்டிடிபி' முகவரியில் இயங்கும் தளத்துக்கு குரோம் 2016 ஏப்ரலில் வந்த 50-ஆம் பதிப்பிலிருந்தே இருப்பிடம் தருவதில்லை. மலிவாக வாங்கிப் போட்ட தளத்தில் 'லொகேஷன் வேலை செய்யவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிரவுசர் மூன்று விதமாகக் கைவிரிக்கும்: அனுமதி மறுக்கப்பட்டது, இடம் கிடைக்கவில்லை, நேரம் கடந்துவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பல தளங்கள் மூன்றுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே சிவப்பு வரியைக் காட்டி ஒதுங்கிக்கொள்கின்றன. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று நிரல் எழுதுகிறவர் சொல்லாவிட்டால், பிரவுசர் முடிவில்லாமல் காத்திருக்கும். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் பதிலையே பிடித்துக்கொள்வது இன்னொரு தவறு. செல்போன் முதலில் வைஃபையையோ கோபுரத்தையோ வைத்து அவசரப் பதில் கொடுத்துவிட்டு, செயற்கைக்கோள் கிடைத்த பின் திருத்திச் சொல்வதுண்டு. பத்துப் பதினைந்து விநாடி தொடர்ந்து கேட்டு, வட்டம் சுருங்குகிறதா என்று பார்த்து, சிறிய வட்டத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் புள்ளியை விரலால் நகர்த்த இடம் விட வேண்டும். கீழே ஒரு கட்டம்: 'பக்கத்தில் என்ன அடையாளம்?' தமிழில் எழுத இடம். திருத்தங்கல் 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. புள்ளி சரியாக விழுந்தாலும், அதற்கு எந்த ஊர்ப் பெயரைப் போடுவது என்பதில் வரைபடங்கள் தடுமாற இடமிருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தடுமாற்றம் இல்லை. அவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

வண்டி தாமதமானால் அரைநாள் நஷ்டம். கூலி என்று வரும்போது விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளி வேலைகள் நீங்கலாக, எல்லா வேலைத்தலங்களிலும் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நேரமும் இருப்பிடமும் பதிந்த படம், நாளுக்கு இரண்டு முறை. சிக்னல் இல்லாமல் படம் ஏறாத நாட்களில் வேலை செய்தவர்களின் கூலி நின்றதாக நாட்டின் பல பகுதிகளில் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். முறைகேடாவது நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் எடுத்தவையும் பதிவேறுகின்றன என்று.

பிரவுசரிலும் இதே கதைதான். குரோமில் நிரலாளர்களுக்காக உள்ள சோதனைக் கருவியில் எந்த ஊர்ப் புள்ளியையும் கையால் போட்டுக்கொள்ளலாம். ஏமாற்ற நினைப்பவருக்கு இரண்டு நிமிட வேலை. தகரக் கொட்டகைக்குள் நின்று நேர்மையாக 'அனுமதி' தட்டுபவர்தான் 'நீங்கள் இங்கே இல்லை' என்ற பதிலை வாங்குவார். ஆகவே ஊதியத்தையோ உதவித்தொகையையோ புள்ளி ஒன்றை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது. புள்ளியோடு வட்டத்தின் அளவையும் பதிந்து, வட்டம் பெரிதானால் மேற்பார்வையாளர் கையெழுத்தை ஏற்க வேண்டும். 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், ஜாமீனில் போகிறவர் கூகுள் மேப் புள்ளியை விசாரணை அதிகாரியுடன் பகிர வேண்டும் என்ற நிபந்தனையை ரத்து செய்தது. அந்தப் புள்ளியால் ஆளை நேரடியாகக் கண்காணிக்க முடியாது என்று கூகுள் நிறுவனமே அந்த வழக்கில் விளக்கியது. புள்ளி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று நீதிமன்றம் கேட்டுத் தெரிந்துகொண்டது. திட்டம் வகுக்கும் அலுவலகங்களும் கேட்கலாம்.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில், புள்ளியையும் வட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ஓர் அவசரமான பயன் இருக்கிறது. பட்டாசு ஆலைகள் ஊரைவிட்டு விலகிக் காட்டுக்குள் இருக்கின்றன. கதவு எண், தெருப் பெயர் கிடையாது. சர்வே எண்ணும் 'இன்ன கோயில் தாண்டி' என்ற வழியும்தான் விலாசம். ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. விபத்து நடந்தால் 108-க்கோ 101-க்கோ அழைப்பவர் பெரும்பாலும் வெளியே, தூரத்தில், ரோட்டில் நிற்பவர். அவருடைய போன் காட்டுவது அவர் நிற்கும் இடத்தை. எரிகிற இடத்தை அல்ல. எவ்வளவு துல்லியமான ஜிபிஎஸ்ஸாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

முன்கூட்டியே அளந்து வைத்தால் நிரப்பலாம். ஒவ்வோர் ஆலையின் வெளிவாயிலிலும் பகலில், திறந்த வெளியில் நின்று, வட்டம் சில மீட்டருக்குச் சுருங்கும்வரை பொறுத்திருந்து ஒரே ஒரு முறை இடம் பார்த்தால் போதும். டிஜிபின் கணக்கிடும் சூத்திரம் வெளிப்படையானது. இணையம் இல்லாமலும் குறியீட்டைப் பெறலாம். உரிம எண் எழுதிய அதே பலகையில் அந்தப் பத்து எழுத்துகளையும் பெயின்டர் எழுதட்டும். அதன் நகல் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை தீயணைப்பு நிலையங்களின் சுவரில், ஊர்வாரியாக, ஆலைப் பெயருடன் ஒட்டப்பட்டிருக்கட்டும். அழைப்பவர் ஆலையின் பெயரைச் சொன்னாலே வண்டி எந்த வாயிலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். உரிமம் புதுப்பிக்கும்போது கேட்கும் காகிதங்களோடு இந்த ஒரு வரியையும் மாவட்ட நிர்வாகம் சேர்த்துக் கேட்கலாம். அடுத்த தீபாவளி சீசன் சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடக்கூடிய வேலை இது.